புரதச் சங்கிலியின் முனைகள் அடைபடுவது ஏன், அடைபட்டதை எப்படி அறிவது?

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சிறு புரதத்தை எட்மன் முறையில் அமினோ அமில வரிசை காண அனுப்பினார். "அமினோ முனை அடைபட்டிருக்கிறது, வரிசை கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வந்துவிட்டது. அதே சமயத்தில், அவருடைய ஆய்வகம் வாங்கவிருக்கும் செயற்கைப் பெப்டைடுக்கான (குறுகிய அமினோ அமிலச் சங்கிலிக்கான) படிவம், அமினோ முனையை அப்படியே விடுவதா, அசிட்டைல் எனும் சிறு அசிட்டிக் அமில எச்சத்தை ஏற்றுவதா, கார்பாக்சில் முனை அமிலமாக இருக்க வேண்டுமா அமைடாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறது. முனை அடைப்பு என்பது என்ன, இயற்கையில் அது ஏன் நிகழ்கிறது, தன் புரதத்துக்கு என்ன செய்யலாம், படிவத்தில் எதைக் குறிப்பது என்று அவர் கேட்கிறார்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் புட்டிக்கு மூடி போடுவது போலவும், உள்ளே இருப்பதைக் காப்பதற்கே அது இருப்பது போலவும் தோன்றுகிறது. பல பாடநூல்களும் "சிதைவிலிருந்து காக்கிறது" என்ற ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகின்றன. அந்த விளக்கம் பாதி உண்மைதான். முனையில் நடக்கும் வேதிமாற்றம் அங்கிருந்த மின்னூட்டத்தை நீக்கி, மற்ற மூலக்கூறுகள் அந்த முனையைப் பற்றிக்கொள்ளும் விதத்தை மாற்றுகிறது. அதனால் புரதம் காக்கப்படுமா, காட்டிக்கொடுக்கப்படுமா, ஓர் ஏற்பியில் போய்ப் பொருந்துமா, சவ்வில் போய் ஒட்டுமா என்பதெல்லாம் அந்த முனையை அடுத்து எந்த மூலக்கூறு அணுகுகிறது என்பதைப் பொறுத்தது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் இதைக் காணலாம்.

செல்லில் புரதங்களைக் கட்டும் ரைபோசோம் முடித்துத் தரும் சங்கிலியின் தொடக்கத்தில் தனித்த அமினோ தொகுதியும் இறுதியில் தனித்த கார்பாக்சில் தொகுதியும் இருக்கும். உடலின் இயல்பான அமிலக்காரத் தன்மையில் முதலாவது பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடும் இரண்டாவது எதிர்மின்னூட்டத்தோடும் இருக்கின்றன. லைசீனின் பக்கச் சங்கிலியிலும் அமினோ தொகுதி உண்டு என்றாலும், முனை அமினோ தொகுதி புரோட்டானை அதைவிட எளிதில் விட்டுவிடும். அதன் பிகேஏ மதிப்பு (தொகுதிகளில் பாதி புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) சுமார் 8, லைசீனுக்கோ 10-ஐத் தாண்டும். அதனால் நடுநிலைக்கு அருகிலான கரைசலில் வேதிவினைக்கு முன்வருவது முனைதான். அந்த நைட்ரஜனை ஓர் அமில எச்சத்தோடு அமைடாகப் பிணைத்துவிட்டால் நேர்மின்னூட்டமும் போய்விடும், வினைபுரியும் ஆற்றலும் போய்விடும்.

எட்மன் முறை முழுவதும் நம்பியிருப்பது அந்த வினைபுரியும் ஆற்றலைத்தான். சுவீடனைச் சேர்ந்த பெர் எட்மன் 1950-இல் வெளியிட்ட இம்முறையில், ஃபீனைல் ஐசோதயோசயனேட்டு மெல்லிய காரச்சூழலில் முனை நைட்ரஜனோடு இணைகிறது; பின்னர் நீரற்ற அமிலத்தில் முதல் அமினோ அமிலம் மட்டும் வளையமாகிக் கழன்று விழ, இரண்டாவதன் நைட்ரஜன் புதிய முனையாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அமினோ அமிலம் கழல்கிறது. முதல் நைட்ரஜனில் ஏற்கெனவே அசிட்டைல் உட்கார்ந்திருந்தால் முதல் சுற்றே தொடங்காது. இதற்கு முன்பு, இன்சுலினின் வரிசையைக் கண்ட பிரெடரிக் சாங்கர் பயன்படுத்திய டைநைட்ரோஃபுளூரோபென்சீனும் அதே நைட்ரஜனைத் தேடிச் செல்லும் வினைப்பொருள்தான். அவர் தேர்ந்த இன்சுலினின் இரு சங்கிலிகளும் கிளைசீனிலும் ஃபீனைல் அலனைனிலும் திறந்த முனைகளோடு தொடங்கியது புரத வேதியியலுக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு வந்த அறிக்கையை நான் சற்று எச்சரிக்கையோடு படிப்பேன். வரிசை கிடைக்கவில்லை என்பது ஓர் உண்மை. முனை அடைபட்டிருக்கிறது என்பது அதிலிருந்து எடுத்த ஊகம். மாதிரியில் புரதம் போதாமல் இருந்தாலும், சவ்வுத் தாளில் சரியாக ஒட்டாமல் கழுவப்பட்டிருந்தாலும் இதே வெறுமைதான் கிடைக்கும். எனவே அதே மாதிரியை அமில நீராற்பகுப்பு செய்து, அதாவது அமிலத்தில் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்து, அதிலிருந்த புரதத்தின் அளவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். இதைவிட ஏமாற்றும் நிலை ஒன்றும் உண்டு. உங்கள் புரதம் முழுதும் அடைபட்டிருக்க, கூடவே வந்த நூற்றில் ஐந்து பங்கு மாசுப் புரதத்தின் முனை திறந்திருந்தால், கருவி அந்த மாசின் வரிசையைத் தெளிவாகப் படித்துக் கொடுத்துவிடும். ஆகவே வரிசை கிடைக்கும்போதும், அதன் அளவு ஏற்றிய புரதத்தின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவசியம்.

அடைப்பை நாமே உண்டாக்கிவிடுவதும் உண்டு. யூரியாக் கரைசல் பழையதாகவோ சூடாகவோ இருந்தால் அதில் சயனேட்டு உருவாகி முனை நைட்ரஜனைக் கார்பமைல் தொகுதியால் மூடிவிடும். ஜெல்லில் வினைபுரியாமல் எஞ்சிய அக்ரிலமைடும் முனையில் ஒட்டும். செறிந்த ஃபார்மிக் அமிலத்தில் நெடுநேரம் வைத்தால் ஃபார்மைல் ஏறும். முதல் அமினோ அமிலம் குளுட்டமைனாக இருந்தால் யாரும் எதுவும் செய்யாமலே, காத்திருக்கும் நேரத்தில், அது தன்மேலேயே வளைந்து மூடிக்கொள்ளும். இவற்றையெல்லாம் இயற்கையின் செயலென்று எழுதிவிடக்கூடாது.

இனி இயற்கை செய்வதைப் பார்ப்போம். மிகுதியாகக் காணப்படுவது அசிட்டைல் ஏற்றம். புகையிலைத் தேமல் வைரசின் உறைப்புரதத்தில் எந்த முறையாலும் தொடக்க முனையைக் காண முடியாதிருந்தபோது, கோசோ நரிதா 1958-இல் அதை நொதிகளால் செரித்து, அசிட்டைல் செரைனில் தொடங்கும் பெப்டைடைப் பிரித்துக் காட்டினார். முதலில் இது ஒரு விதிவிலக்குப் போலத் தெரிந்தது. 1976-இல் பிரவுன், ராபர்ட்ஸ் என்ற இருவர் எலியின் புற்றுச் செல்களில் கரையும் புரதங்களில் சுமார் 80 விழுக்காடு அசிட்டைல் ஏறியவை என்று அளந்து சொன்னபோது நிலைமை தலைகீழானது: விலங்குச் செல்களின் உட்புரதங்களில் திறந்த முனைதான் விதிவிலக்கு. மனிதரில் இது 80 முதல் 90 விழுக்காடு என்றும், ஈஸ்ட்டில் அதைவிடக் குறைவு என்றும், பாக்டீரியாவில் அரிது என்றும் இன்று அறிகிறோம்.

இது சங்கிலி இன்னும் ரைபோசோமிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கும்போதே நடக்கிறது. இரண்டாவது அமினோ அமிலம் சிறியதாக இருந்தால் முதலில் மெத்தியோனைன் வெட்டப்படுகிறது. அதனால் வெளிப்படும் செரைன், அலனைன், திரியோனைன், கிளைசீன் போன்றவற்றில் நேட்-ஏ எனும் நொதித்தொகுதி அசிட்டைலை ஏற்றுகிறது. மெத்தியோனைனுக்கு அடுத்து அஸ்பார்டேட்டு, குளுட்டமேட்டு, அஸ்பரஜின், குளுட்டமைன் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் மெத்தியோனைன் அப்படியே நிற்க, அதன்மேல் நேட்-பி வேலை செய்கிறது. லியூசின், ஐசோலியூசின் போன்ற நீர்வெறுப்பவை அடுத்து வந்தால் நேட்-சி. எனவே உங்கள் புரதத்தின் மரபணு வரிசை தெரிந்தால், முதல் இரண்டு மூன்று எழுத்துகளைப் பார்த்தே அடைப்பு இருக்குமா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஏறிய அசிட்டைலை முழுப் புரதத்திலிருந்து கழற்றும் பொதுவான நொதி எதுவும் அறியப்படவில்லை. லைசீனில் ஏறும் அசிட்டைலைப் போல இது ஏறி இறங்கும் குறி அன்று.

இதன் பயன் என்ன என்பதில்தான் கருத்துகள் மாறிவந்திருக்கின்றன. காப்பதற்கே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அலெக்சாண்டர் வர்ஷாவ்ஸ்கியின் குழு 1986-இல், ஒரு புரதத்தின் ஆயுளை அதன் முதல் அமினோ அமிலமே தீர்மானிக்கக்கூடும் என்று காட்டியபோது அசிட்டைல் அந்தக் குறியை மறைக்கும் திரையாகக் கருதப்பட்டது. அதே குழு 2010-இல், அசிட்டைல் ஏறிய முனையையே சிதைவுக் குறியாகப் படிக்கும் நொதி ஈஸ்ட்டில் இருப்பதாக வெளியிட்டது. மூடி என்று நினைத்ததே முகவரியாகவும் செயல்படக்கூடும் என்பதைக் காட்டிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு பழைய ஒற்றை வரி விளக்கத்தை யாரும் எழுதியிருக்கக்கூடாது. 2011-இல் இன்னொரு சான்று வந்தது: யுபிசி12 எனும் நொதியின் அசிட்டைல் ஏறிய மெத்தியோனைன், டிசிஎன்1 என்ற கூட்டாளிப் புரதத்தின் நீர்வெறுக்கும் குழியொன்றில் முழுதாகப் புதைந்து பொருந்துகிறது. மின்னூட்டத்தோடு இருந்திருந்தால் அந்த முனை குழிக்குள் புகாது. தசையின் டிரோபோமயோசினும் இதைப் போன்றதே. எஷெரிக்கியா கோலி பாக்டீரியாவில் உருவாக்கிய, அசிட்டைல் இல்லாத டிரோபோமயோசின் ஆக்டினைச் சரிவரப் பற்றுவதில்லை என்பதால், ஆய்வகங்களில் அதன் முன்னால் இரண்டு கூடுதல் அமினோ அமிலங்களைச் சேர்த்து அந்தக் குறையை ஈடுசெய்கிறார்கள். பாக்டீரியாவில் புரதம் தயாரிப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மனிதர் உடலில் இது பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு, அது துயரமான விடை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரின் பெயரைத் தாங்கிய ஆக்டன் நோய்க்குறி 2011-இல் விவரிக்கப்பட்டது. நேட்-ஏ நொதியின் வினையூக்கப் பகுதியான என்ஏஏ10-இல் 37-ஆம் செரைன் புரோலினாக மாறியதே காரணம். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். முதிர்ந்த தோற்றம், வளர்ச்சிக் குறைவு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றோடு மழலைப் பருவத்திலேயே இறந்தார்கள்.

பாக்டீரியாவில் சங்கிலி தொடங்குவதே ஃபார்மைல் மெத்தியோனைனில்தான். 1964-இல் மார்க்கரும் சாங்கரும் இதைக் கண்டார்கள். பிறகு ஒரு நொதி அந்த ஃபார்மைலைக் கழற்றிவிடும். நம் செல்களின் சைட்டோபிளாசப் புரதங்கள் அப்படித் தொடங்காததால், நம் வெள்ளணுக்கள் ஃபார்மைல் முனைகொண்ட பெப்டைடைக் கண்டால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அந்தத் திசை நோக்கி விரைகின்றன. பாக்டீரிய மூதாதையரிடமிருந்து வந்த மைட்டோகாண்ட்ரியாவும் இதே குறியைச் சுமப்பதால், பெருங்காயத்தில் செல்கள் உடைந்து மைட்டோகாண்ட்ரியா வெளியே சிதறும்போது, தொற்று இல்லாமலே அழற்சி எழ இதுவும் ஒரு காரணமாகிறது.

இரு முனை அடைப்பையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்ள தைரோட்ரோப்பின் விடுவிக்கும் ஹார்மோனின் கதையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ஹைப்போதலாமஸ் சுரந்து, பிட்யூட்டரியைத் தூண்டி, அதன்வழி தைராய்டை இயக்கும் இந்தப் பொருளைத் தனித்தெடுக்க ரோஜர் கியெமின் ஹூஸ்டனிலும் ஆண்ட்ரூ ஷாலி நியூ ஆர்லியன்ஸிலும் பல ஆண்டுகள் போட்டியிட்டார்கள். ஒருவர் செம்மறியாட்டின் ஹைப்போதலாமஸ்களையும் மற்றவர் பன்றியினுடையவற்றையும் லட்சக்கணக்கில் சேகரித்து, முடிவில் மில்லிகிராம் கணக்கில் பொருளைப் பெற்றார்கள். அமிலத்தில் நீராற்பகுத்தபோது குளுட்டமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் என்ற மூன்றும் சம அளவில் கிடைத்தன. ஆனால் அந்தப் பொருள் பெப்டைடைப் போல நடந்துகொள்ளவில்லை. பெப்டைடுகளைச் செரிக்கும் நொதிகள் அதை ஒன்றும் செய்யவில்லை. முனை அமினோ தொகுதிக்கான சோதனைகள் எதுவும் தென்படுத்தவில்லை. இது பெப்டைடே இல்லையோ என்ற ஐயம் வலுத்தது. மூன்று அமினோ அமிலங்களை ஆறு வரிசைகளிலும் கோத்துச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். ஆறிலும் செயல் இல்லை.

திருப்பம் வந்தது, ஆறில் ஒன்றான குளுட்டமில்-ஹிஸ்டிடில்-புரோலினை அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு வினைபுரியவைத்தபோது. செயல் தோன்றியது. அந்த வினையில் குளுட்டமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி முனை நைட்ரஜனோடு வளையமாகிப் பைரோகுளுட்டமேட்டு உருவாகியிருந்தது. அதனால் முன்முனை அடைபட்டது. பின்முனையையும் அமைடாக மாற்றியதும் இயற்கைப் பொருளின் முழு வீரியம் கிடைத்தது. 1969-இல் இரு குழுக்களும் இந்த அமைப்பை நிறுவின. 1977-இல் கியெமினும் ஷாலியும் ரோசலின் யாலோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதில் வேதியியலர் கவனிக்க வேண்டியது, அத்தனை ஆண்டுகள் விடை நழுவிக்கொண்டே போனதற்கான காரணம். அமில நீராற்பகுப்பு பைரோகுளுட்டமேட்டு வளையத்தைத் திறந்து சாதாரணக் குளுட்டமிக் அமிலமாக்கிவிடுகிறது. புரோலினமைடின் அமைடை அம்மோனியாவாகக் கழற்றி வெறும் புரோலினைத் தருகிறது. அதாவது, பகுப்பாய்வுக்கான முதல் படியே இரு முனைகளின் சான்றையும் அழித்துவிட்டது. உங்கள் புரதத்தை எந்த முறையில் ஆராய்வது என்று முடிவு செய்யும்போது இந்தப் பாடத்தை நினைவில் வையுங்கள்.

அந்த ஹார்மோனின் மரபணு தெரியவந்தபோது இன்னொரு அழகு வெளிப்பட்டது. மனிதரின் முன்னோடிப் புரதத்தில் குளுட்டமைன், ஹிஸ்டிடின், புரோலின், கிளைசீன் என்ற நான்கெழுத்துத் தொடர் ஆறு முறை வருகிறது. குளுட்டமைன் தன் அம்மோனியாவை இழந்து பைரோகுளுட்டமேட்டாகிறது. இதை விரைவுபடுத்தக் குளுட்டமினைல் சைக்ளேஸ் என்ற நொதி இருக்கிறது. கிளைசீன் தன் நைட்ரஜனைப் புரோலினுக்குக் கொடுத்துவிட்டு, மீதி உடலைக் கிளையாக்சிலேட்டாக இழந்து மறைகிறது. அமைடின் நைட்ரஜன் வெளியிலிருந்து வருவதில்லை என்பதை 1982-இல் பிராட்பரியும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். இதைச் செய்யும் பாம் எனும் நொதியின் முதல் பாதிக்குத் தாமிரமும் ஆக்சிஜனும் வைட்டமின் சியும் வேண்டும். ஆக்சிடோசின், வாசோபிரசின், கால்சிட்டோனின், தேனீ விஷத்தின் மெலிட்டின் என்று அமைடில் முடியும் பெப்டைடுகள் நிறைய உண்டு. பலவற்றில் அமைடை அமிலமாக மாற்றினால் ஏற்பி அவற்றை ஏறக்குறைய அடையாளம் காணாமலே போய்விடுகிறது. பாம் மரபணு முற்றிலும் இல்லாத எலிகள் கருவிலேயே இறக்கின்றன.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கசுஹிகோ டாட்டெமோட்டோவும் விக்டர் மூட்டும் இந்த அமைடையே தூண்டில் ஆக்கிக்கொண்டார்கள். ஹார்மோனைத் தேடுபவர்கள் அதுவரை ஏதேனும் ஓர் உயிரியல் செயலை வைத்துத்தான் பொருளைத் துரத்துவார்கள். இவர்களோ, அமைடில் முடிவது எதுவாயினும் அது ஹார்மோனாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கருதி, பன்றியின் குடல் சாற்றிலும் மூளைச் சாற்றிலும் முனை அமைடுகளை வேதிமுறையில் தேடினார்கள். 1980-இல் பெப்டைடு ஒய்ஒய், 1982-இல் நியூரோபெப்டைடு ஒய், 1983-இல் கலானின் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. செயல் தெரியும் முன்பே பொருள் கையில் வந்தது. முனை அடைப்பை இடையூறாகவே பார்த்துவந்த காலத்தில், அதையே அடையாளமாகக் கொண்டு தேடிய இந்த மதிநுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கொழுப்பும் முனையை அடைக்கும். 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் முனைக் கிளைசீனில் ஏறுவது 1982-இல் இரண்டு புரதங்களில் காணப்பட்டது. முதலில் பார்த்தபோது அவையும் "அடைபட்ட, காரணம் தெரியாத" முனைகளாகவே இருந்தன. பொதுவாக இந்தக் கொழுப்புவால் புரதத்தைச் சவ்வில் ஒட்டவைக்கிறது. ஏபிஎல் எனும் கைனேஸின் (பிற புரதங்களில் பாஸ்பேட்டு ஏற்றும் நொதியின்) ஒரு வடிவத்தில் அது வெளியே நீட்டிக்கொள்ளாமல், நொதியின் சொந்த உடலிலுள்ள ஒரு குழிக்குள் மடங்கி நுழைந்து நொதியை அடக்கிவைக்கிறது. நாட்பட்ட மயலாய்டு ரத்தப் புற்றில் பிசிஆர் என்ற வேறு புரதம் ஏபிஎல்லின் முன்னால் ஒட்டிக்கொள்வதால் அந்தக் கொழுப்பு முனை காணாமல் போகிறது, கடிவாளமும் அறுகிறது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப் என்ற மருந்து, காலியாகிவிட்ட அந்தக் குழியில் அமர்ந்து இழந்த முனையின் வேலையைச் செய்கிறது. பின்முனையிலும் கொழுப்பு ஏறுவது உண்டு. செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் தன்னுண்ணலில் பங்குகொள்ளும் எல்சி3 புரதத்தின் இறுதிக் கிளைசீன் சவ்விலுள்ள பாஸ்ஃபாட்டிடில் எத்தனாலமீனோடு இணைவது அதற்கு ஓர் உதாரணம்.

ஆய்வகத்தை விட்டு மருத்துவமனைக்கு வந்தால், நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த ஒரு சோதனை உண்மையில் முனை மாற்றத்தை அளக்கும் சோதனை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி வேலைனில் தொடங்குகிறது. அதன் முனை திறந்தது. ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் அந்த நைட்ரஜனோடு இணைந்து, மெல்ல உருமாறி, நிலையான சேர்மமாகிறது. அதுவே நீரிழிவுக்காக அளக்கும் எச்பிஏ1சி. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், அந்த விகிதம் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் பதிவேடாகிறது, 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவு என்று கொள்ளப்படுகிறது. அசிட்டைலைப் போலன்றி இங்கே நைட்ரஜன் அமைடாவதில்லை, மின்னூட்டத்தை முழுதாக இழப்பதும் இல்லை என்பதால் கண்டிப்பான பொருளில் இதை அடைப்பு என்று சொல்லத் தயங்கலாம். முனை பிடிபட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. உலக அளவிலான ஒப்பீட்டு முறை, பீட்டா சங்கிலியின் முதல் ஆறு அமினோ அமிலங்களை நொதியால் வெட்டியெடுத்து, சர்க்கரை ஏறிய துண்டையும் ஏறாத துண்டையும் நிறை நிறமாலை அளவியல் மூலம் ஒப்பிடுகிறது. அந்த நொதி வெட்டுவது ஆறாவது இடத்திலுள்ள குளுட்டமிக் அமிலத்துக்குப் பின்னால். அரிவாள் செல் சோகையில் மாறிப்போவதும் அதே ஆறாவது அமிலம்தான்.

அந்த நோயிலும் முனையை அடைத்துப் பார்த்தார்கள். 1971-இல் செரமியும் மேனிங்கும் சயனேட்டைக் கொண்டு ஹீமோகுளோபினின் முனை வேலைனைக் கார்பமைல் ஏற்றி, சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாவதைக் குழாயில் தடுத்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சயனேட்டு ஹீமோகுளோபினோடு நிற்கவில்லை. மற்றப் புரதங்களையும் தொட்டது. நரம்புச் சேதமும் கண்புரையும் வந்ததால் அம்மருத்துவம் கைவிடப்பட்டது. பின்னர் ஆல்ஃபா சங்கிலியின் முனை வேலைனோடு மீளக்கூடிய பிணைப்பை உண்டாக்கும் வாக்ஸலோட்டர் எனும் மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 செப்டம்பரில், நன்மையைவிட ஆபத்து மிகுதி என்று உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நீலகிரியின் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பது 1952-லேயே லேமன், கட்புஷ் ஆகியோரால் பதிவு செய்யப்பட்டதால், இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

இப்போது படிவத்துக்கு வருவோம். உங்கள் பெப்டைடு ஒரு பெரிய புரதத்தின் நடுப்பகுதியை ஒத்திருக்க வேண்டும் என்றால் இரு முனைகளையும் அடையுங்கள். அந்தப் பகுதிக்குப் புரதத்துக்குள் முனையே கிடையாது. செயற்கைத் துண்டில் மட்டும் ஒரு நேர்மின்னூட்டமும் ஓர் எதிர்மின்னூட்டமும் இருப்பது பொய்யான தோற்றம். ஆல்ஃபா சுருள் அமைப்பு எதிர்பார்க்கப்படும் துண்டாக இருந்தால், திறந்த முனைகளின் மின்னூட்டம் அச்சுருளைக் குலைக்கவும் செய்யும். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் புகழ்பெற்ற வரைபடத்தை வகுத்தபோது எடுத்துக்கொண்டதும் ஓர் ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் பெப்டைடு இணைப்புகள் உள்ள மாதிரியைத்தான். இன்று கணினிக் கணக்கீடுகளில் "அலனைன் டைபெப்டைடு" என்று வழங்குவது உண்மையில் இரு முனையும் அடைபட்ட ஒற்றை அலனைன்.

உங்கள் பெப்டைடு இயற்கையில் தனித்து உலவும் ஹார்மோனாக இருந்தால், இயற்கை எப்படி முடிக்கிறதோ அப்படியே கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முனையை அடைத்தால் ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும் என்று எண்ணி எல்லாவற்றையும் அடைப்பவர்கள், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1-இன் கதையை அறிய வேண்டும். டிபிபி-4 எனும் நொதி அதன் முன்முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடுவதால், செயலுள்ள வடிவம் ரத்தத்தில் சுமார் 2 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. அப்படியானால் முனையை அசிட்டைலால் மூடிவிடலாமே என்று தோன்றும். ஏற்பிக்குள் ஆழமாக நுழைவது அந்த முனையின் ஹிஸ்டிடின்தான் என்பதால், அங்கே கைவைத்தால் மருந்தின் வீரியமே குன்றும். அதனால் ஜிஎல்பி-1-ஐ ஒத்த செமாகுளுட்டைடு மருந்தை வடிவமைத்தவர்கள் ஹிஸ்டிடினைத் திறந்தபடியே விட்டு, அதற்கு அடுத்த அலனைனின் இடத்தில் டிபிபி-4 வெட்டமுடியாத அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலத்தை வைத்தார்கள். அடைப்பும் முழுக்காப்பு அன்று. இரு முனையும் மூடிய தைரோட்ரோப்பின் விடுவிக்கும் ஹார்மோனைக்கூடப் பைரோகுளுட்டமேட்டை வெட்டத் தனியாக அமைந்த ஒரு நொதி சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

இனி கையிலிருக்கும் மூளைப் புரதம். எட்மன் முறையை மீண்டும் முயல்வதைவிட, முழுப் புரதத்தின் நிறையை முதலில் அளந்து, மரபணு வரிசையிலிருந்து கணக்கிட்ட நிறையோடு ஒப்பிடுங்கள். அசிட்டைல் 42.011 டால்டனைக் (மூலக்கூறு நிறையின் அலகு) கூட்டும், ஃபார்மைல் 27.995, மிரிஸ்டைல் 210.198. குளுட்டமைன் வளையமானால் 17.027 குறையும். கார்பாக்சில் முனை அமைடானால் 0.984 மட்டுமே குறையும், அதனால் பெரிய புரதத்தில் அது கண்ணில் படாது; செரித்த துண்டில்தான் தேட வேண்டும். மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினாலும் 42.047 கூடும் என்பதால் அசிட்டைலோடு குழம்பாதிருக்க உயர்துல்லியக் கருவி தேவை. யூரியாவால் வரும் கார்பமைல் 43.006, அசிட்டைல் ஏறிய துண்டின் கார்பன்-13 ஐசோடோப்பு உச்சியை அதுவென்று தவறாக எண்ணுவதும் நடக்கிறது.

பிறகு இரண்டு வெவ்வேறு நொதிகளால் தனித்தனியே செரித்து, முனைத் துண்டைத் தேடுங்கள். தரவுத்தளத் தேடலில் முனை அசிட்டைலையும் பைரோகுளுட்டமேட்டையும் மாறக்கூடிய மாற்றங்களாகச் சேர்க்க மறந்துவிட்டால் துண்டு கண்முன் இருந்தும் மென்பொருள் காட்டாது. தொடக்க மெத்தியோனைன் நீங்கிய வடிவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சுரக்கப்படும் புரதம் என்றால் முன்னால் உள்ள சமிக்ஞைத் தொடர் வெட்டப்பட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள். எட்மன் முறையே வேண்டும் என்றிருந்தால், பைரோகுளுட்டமேட்டைக் கழற்ற அதற்கான அமினோபெப்டிடேஸ் கிடைக்கிறது. ஃபார்மைலை மென்மையான அமிலத்தால் நீக்கலாம். அசிட்டைலை நீக்கும் நொதி சிறு பெப்டைடுகளில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், முழுப் புரதத்தை அதனிடம் கொடுத்துப் பயனில்லை. அந்நிலையில் சயனோஜன் புரோமைடால் மெத்தியோனைன்களில் உடைத்து, உட்புறத் துண்டுகளின் வரிசையைப் படியுங்கள். அவற்றின் முனைகள் திறந்தே இருக்கும். இவற்றைத் தொடங்கும் முன், புரதத்தைப் பிரித்தபோது யூரியா பயன்படுத்தினீர்களா, அந்தக் கரைசல் எத்தனை நாள் பழையது என்று உங்கள் குறிப்பேட்டில் பாருங்கள். ஐயம் இருந்தால், அன்றே தயாரித்த கரைசலில் ஒரு சிறு பங்கை மறுபடியும் பிரித்து, இரண்டின் நிறையையும் அடுத்தடுத்து அளந்துவிடுங்கள்.